அந்தப் பாட்டு யார் கட்சி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடக்கும் மோதலைப் பாடும் பாடல்களை எப்படிப் பொருள்கொள்வது? அவை பிள்ளைகள் கட்சி சேர்ந்து பெற்றோரைக் குற்றம் சொல்கின்றனவா? பாடியவரின் சொந்தக் கதை என்று எடுத்துக்கொள்ளலாமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சேர்த்திருக்கிறீர்கள். பதினைந்து வயது மகன் அப்படி ஒரு ஆங்கிலப் பாட்டை ஓயாமல் கேட்கிறான், அதில் வரும் கோபம் உங்கள் மேல் உள்ள கோபமோ என்று. அந்தக் கடைசிக் கேள்விக்கும் வருகிறேன். முதலில் பாட்டைப் படிக்கும் முறையைப் பேசிவிட்டால் அதற்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்கும்.

பாட்டு என்ன சொல்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், யாருக்குப் பேச வாய்ப்பே தரப்படவில்லை என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டால் அநேகமாக எல்லாப் பாட்டும் ஒரு தரப்பின் புகார் மனுவாகத்தான் தெரியும். பார்த்துவிட்டால், நல்ல பாட்டுகளில் எதிர்த்தரப்பும் எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது தெரியவரும்.

இந்த முறை நமக்குப் புதிதில்லை. சங்கப் பாடல்களின் அடியில் ‘செவிலி கூற்று’, ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு இருக்குமே, அதேதான். காதலைப் பாடும் அகப்பாட்டில் ‘நான்’ என்று பேசுவது புலவர் இல்லை, ஒரு பாத்திரம். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று தெரிந்த பிறகுதான் பொருளுக்குள் போவார்கள். இன்றைய பாட்டுகளை அலசுபவர்கள் இந்த ஒழுங்கைக் கைவிட்டதால்தான் பாதிக் குழப்பம் என்பது என் எண்ணம்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். கலித்தொகையின் ஒன்பதாவது பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பெண் ஒருத்தி தான் விரும்பியவனோடு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அவளை வளர்த்த செவிலித்தாய் பாலை வழியில் தேடிக்கொண்டு வருகிறாள். எதிரே குடையும் கமண்டலமும் முக்கோலுமாக அந்தணர்கள் வருகிறார்கள். அவர்களிடம் கேட்கிறாள்: “என்மகள் ஒருத்தியும் பிறள்மகன் ஒருவனும்” சேர்ந்து போனார்கள், பார்த்தீர்களா?

‘பிறள்மகன்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். மகளை அழைத்துக்கொண்டு போனவனைத் திருடன் என்றோ பாவி என்றோ அவள் சொல்லவில்லை. இன்னொருத்தியின் மகன் என்கிறாள். அந்த வெயிலிலும், அந்தத் தவிப்பிலும், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்ற நினைப்பு அவளிடம் இருக்கிறது. மோதலைப் பாடும் பாட்டில் எதிராளியை எந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பேசுகிறவரின் மனம் அந்த ஒரு சொல்லில் அகப்பட்டுவிடும்.

அந்தணர்கள் சொல்லும் பதில் புகழ்பெற்றது. பார்த்தோம், போகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள் தாயே. “பலவுறு நறுஞ்சாந்தம் படுப்பவர்க்கு அல்லதை மலையுளே பிறப்பினும் மலைக்கவைதாம் என்செய்யும்?” சந்தனம் மலையில்தான் பிறக்கிறது, மலைக்கு அதனால் என்ன பயன்? பூசிக்கொள்பவருக்குத்தானே அது? நீரில் பிறந்த முத்தும் அப்படி, யாழில் பிறந்த இசையும் அப்படி. உங்கள் மகளும் உங்களுக்கு அப்படித்தான். வருந்தாதீர்கள், அவள் போன வழி அறத்தை விட்டு விலகாத வழி.

சரி, இந்தப் பாட்டு யார் கட்சி? மேலோட்டமாகப் பார்த்தால் மகள் கட்சி. தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகத்தான் வருகிறது. ஆனால் தீர்ப்புச் சொல்லும்போதே ‘மலையுளே பிறப்பினும்’ என்று மலையின் உறவை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறார்கள். தாயின் வலி பொய் என்று அந்தணர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தன் பயணத்தைப் பற்றி மகள் பாட்டில் பேசவே இல்லை. தாய் கேட்கிறாள், அந்தணர் பதில் சொல்கிறார்கள், அவளோ தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். பூசுகிறவருக்குச் சந்தனம், அணிகிறவருக்கு முத்து என்று அவளை இன்னொருவர் கைப்பொருளாக ஒப்பிட்டதை அவள் கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பாளா? இன்றைய வாசகருக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு, வரவும் வேண்டும். அவள் வாய் திறக்காததால்தான் அந்த இடம் நமக்குத் திறந்திருக்கிறது. பதில் கேட்ட தாய் என்ன சொன்னாள் என்பதும் பாட்டில் இல்லை. சமாதானமானாளா, மேலும் நடந்தாளா, தெரியாது.

இப்போது அங்கிருந்து நேரே 1967க்கு வாருங்கள். பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டில் ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ என்று ஒரு பாட்டு. ஒரு பெண் விடியற்காலையில் சத்தமில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஒரு செய்தித்தாளில் வந்த உண்மைச் செய்திதான் குழுவின் பாடகர் பால் மெக்கார்ட்னிக்குப் பொறி. வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற செய்தி.

இந்தப் பாட்டிலும் போகிறவள் பேசுவதில்லை! கதையைச் சொல்பவர் வேறொருவர். அவள் கதவைச் சாத்தியது, கடிதம் வைத்தது எல்லாவற்றையும் வெளியில் நின்று பார்த்துச் சொல்கிறார். அந்த வரிகளை மெக்கார்ட்னி பாடுகிறார். அவற்றின் ஊடே குழுவின் இன்னொரு பாடகர் ஜான் லெனன் குரலில் பெற்றோர் வருகிறார்கள்: எங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை அவளுக்குத்தானே கொடுத்தோம், பணத்தால் வாங்க முடிந்ததை எல்லாம் வாங்கிக் கொடுத்தோமே. மெக்கார்ட்னியின் குரலோ, இத்தனை வருடம் தனியாக வாழ்ந்துவிட்டு அவள் கிளம்புகிறாள் என்கிறது. பெற்றோரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்த பெண்ணைத் தனியாக வாழ்ந்தாள் என்று சொல்வதுதான் அந்தப் பாட்டிலேயே கடுமையான குற்றச்சாட்டு. அதில் கத்தல் இல்லை, சாபம் இல்லை.

இந்தப் பாட்டைக் கேட்ட பலர் அது பெற்றோரைக் கேலி செய்கிறது என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வாங்கிக் கொடுத்த கணக்கைச் சொல்லும் பெற்றோர் கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரிகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பாட்டு முன்னே போகப் போக அவர்கள் வரிகளும் மாறுகின்றன. முதலில் ‘கொடுத்தோமே’ என்பவர்கள், அப்புறம் ‘எங்களைப் பற்றி நாங்கள் நினைத்ததே இல்லையே’ என்கிறார்கள், கடைசியில் ‘நாங்கள் என்ன தப்பு செய்தோம், தப்பு என்று தெரியவில்லையே’ என்று வந்து நிற்கிறார்கள். புகாரில் தொடங்கிக் கேள்வியில் வந்து முடிகிறார்கள். அந்தப் பாட்டில் உள்ளம் அசைவது பெற்றோருக்குத்தான். மகள் தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். கூடவே ஒலிக்கும் வாத்தியங்களையும் கவனியுங்கள். மேளம் கிடையாது, கிதார் கிடையாது, நரம்பு வாத்தியங்களும் ஹார்ப்பும் மட்டும். கிளர்ச்சியைக் கொண்டாட நினைத்திருந்தால் அந்தக் குழுவால் வேறு மாதிரி இசையமைத்திருக்க முடியும்.

வரிகளைத் தாளில் வைத்துப் படிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். பாட்டில் பாதிப் பொருள் குரலில் இருக்கிறது. இதற்கு மிகச் சரியான உதாரணம் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1970ல் வெளியிட்ட ‘ஃபாதர் அண்ட் சன்’. அப்பா நிதானமாகச் சொல்கிறார்: அவசரப்படாதே, நீ இன்னும் சின்னவன், ஒரு பெண்ணைப் பார், கல்யாணம் செய்துகொள், என்னைப் பார், வயதாகிவிட்டது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். மகன் சொல்கிறான்: நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொள் என்றுதான் உத்தரவு, நான் போயாக வேண்டும்.

இருவரையும் பாடுவது ஒரே மனிதர். அப்பாவுக்குத் தாழ்ந்த, ஆழமான குரல். மகனுக்கு மேலே ஏறிய, தொண்டை இறுகிய குரல். இருவருக்கும் மெட்டு ஒன்றுதான். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள் என்று நமக்குத் தோன்றும், ஆனால் வரிகளை வரிசையாகப் படித்தால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் நேராகப் பதில் சொல்வதே இல்லை. அப்பா தன் அனுபவத்தைச் சொல்கிறார், மகன் தன் மூச்சுமுட்டலைச் சொல்கிறான். பாட்டின் பிற்பகுதியில் ஒருவர் பாடும்போது பின்னணியில் மெல்லிதாக இன்னொரு குரல் ஓடுகிறது, போயாக வேண்டும் என்றும், போகாதே என்றும். ஒரே நேரத்தில் இருவரும் பேசுகிறார்கள், இருவரும் கேட்கவில்லை. இந்தச் செய்தி எந்த வரியிலும் எழுதப்படவில்லை, குரல்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

இந்தப் பாட்டு பிறந்த கதை இன்னும் சுவையானது. ரஷ்யப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஒரு இசைநாடகத்துக்காக அவர் யோசித்த பாட்டு அது. விவசாயி அப்பா, புரட்சியில் சேரத் துடிக்கும் மகன். நாடகம் நடக்கவில்லை, பாட்டு மட்டும் மிஞ்சியது. மிஞ்சிய பாட்டில் புரட்சியும் இல்லை, ரஷ்யாவும் இல்லை. மகன் எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்றே சொல்லவில்லை. அதனால்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப நினைக்கும் எந்தப் பிள்ளைக்கும் அது பொருந்திவிட்டது. தன் அப்பாவோடு பாடகர் போட்ட சண்டை என்று அதைப் படித்தவர்கள் எத்தனையோ பேர். பிறந்த இடமோ நாடக மேடைக்கான இரு பாத்திரங்கள். 2020ல் அந்த இசைத்தட்டின் பாட்டுகளை அவர் மறுபடி பாடினார். இந்தப் பாட்டில் மகனுக்கு 1970ல் பதிவான தன் இளவயதுக் குரலையே வைத்துக்கொண்டு, அப்பாவின் பகுதியை எழுபதைத் தாண்டிய குரலில் பாடினார். ஒரு சொல்லும் மாறாமல் பாட்டின் எடை இடம் மாறுவதை அதில் கேட்கலாம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இங்கிருந்து ‘சொந்தக் கதையா’ என்ற கேள்விக்குப் போவோம். பொதுவான விதி ஒன்றும் இல்லை, ஆனால் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. 1988ல் மைக் அண்ட் த மெக்கானிக்ஸ் குழு வெளியிட்ட ‘த லிவிங் இயர்ஸ்’ என்ற பாட்டில், அப்பா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் போன மகன் பேசுகிறான். எழுதியவர்கள் மைக் ரதர்ஃபோர்டும் பி.ஏ. ராபர்ட்சனும். இருவருமே தந்தையை இழந்தவர்கள். பாடியவர் பால் கேரக், அவரும் பதினோரு வயதிலேயே தந்தையை இழந்தவர். அந்தப் பாட்டில் ‘நான்’ என்பது யார்? மூவரும்தான், மூவரில் ஒருவரும் இல்லை என்றும் சொல்லலாம். அதேபோல, நேரமில்லாத அப்பாவைப் பற்றி ஹாரி சாப்பின் 1974ல் பாடிய ‘கேட்ஸ் இன் த கிரேடில்’ பாட்டுக்கு மூலம் அவர் மனைவி சாண்டி எழுதிய கவிதை. ஆண் குரலில், அப்பாவின் வாயிலிருந்து வருகிறது. முதலில் அதை எழுதிப் பார்த்ததோ ஒரு பெண்.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சண்டையே கிடையாது. மகன் பிறக்கிறான், அப்பாவுக்கு வேலை. மகன் விளையாடக் கூப்பிடுகிறான், இன்றைக்கு முடியாது என்கிறார். பையன் கோபிக்கவில்லை, அப்பா மாதிரி ஆவேன் என்று சிரித்துக்கொண்டே போகிறான். பல்லவியில் ‘எப்போது வருவாய்’ என்று மகன் கேட்கிறான். வருடங்கள் போகின்றன. ஓய்வுபெற்ற அப்பா மகனைப் பார்க்க ஆசைப்படுகிறார், இப்போது மகனுக்கு நேரமில்லை. பல்லவி திரும்ப வரும்போது கேள்வி கேட்பவர் அப்பா, தட்டிக்கழிப்பவன் மகன். அநேகமாக அதே சொற்கள்தான், வாய் மட்டும் மாறிவிட்டது. பல்லவியை வெறும் திருப்பிப் பாடலாகக் கேட்பவர்கள் பாட்டின் மையத்தையே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறை பல்லவி வரும்போதும் ‘இப்போது இதைச் சொல்வது யார், இடையில் என்ன நடந்திருக்கிறது’ என்று கேளுங்கள். நம் கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்கு வேறு நிறம் ஏறுகிறதே, அந்தக் காது இங்கேயும் வேண்டும்.

சொந்தக் கதைதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பாட்டுகளும் உண்டு. ராப் பாடகர் எமினெம் 2002ல் தன் தாயை மிகக் கொடுமையாகத் திட்டிப் பாடினார், ‘கிளீனிங் அவுட் மை க்ளாசெட்’ என்ற பாட்டில். தன்னைப் பற்றிச் சொன்னவற்றுக்காக 1999லேயே அந்தத் தாய் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டிருந்தார். இதைவிடச் சொந்தக் கதை என்ன வேண்டும்? ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2013ல் வந்த இசைத்தொகுப்பில் ‘ஹெட்லைட்ஸ்’ என்று ஒரு பாட்டு. அதில் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்தப் பழைய பாட்டை இனி மேடையில் பாடுவதில்லை, வானொலியில் கேட்டாலே கூசுகிறது என்று பாட்டுக்குள்ளேயே சொல்கிறார். பட்ட காயம் பொய் என்று சொல்லவில்லை. காயத்தோடு, தாய் பட்ட கஷ்டமும் இப்போது தெரிகிறது என்கிறார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. உண்மையான கோபத்தைப் பாடும் பாட்டும் ஒரு தேதியிட்ட கடிதம் மாதிரி. எழுதிய நாளில் அது முழு உண்மை. அதைப் பாடியவரின் கடைசித் தீர்ப்பு என்று யாரும் கல்லில் வெட்டி வைக்க வேண்டியதில்லை. அதேசமயம், பின்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்பதற்காக முதல் பாட்டைப் பொய் என்று தள்ளுவதும் தவறு. கோபத்தைப் பாடாமல் அவரால் மன்னிப்புக்கு வந்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது அதிகம் தவறாகப் படிக்கப்படும் வகைக்கு வருகிறேன்: ‘நீ’ என்று முன்னிலையில் கத்தும் பாட்டுகள். உங்கள் மகன் கேட்பதும் அநேகமாக இந்த வகைதான். 1984ல் ட்விஸ்டட் சிஸ்டர் என்ற ராக் குழுவின் ‘வீ ஆர் நாட் கோனா டேக் இட்’ பெரிய வெற்றி பெற்றது. இனிமேல் பொறுக்கமாட்டோம் என்று முழங்கும் பாட்டு. பிள்ளைகள் பெற்றோரை எதிர்க்கும் பாட்டு என்றுதான் உலகமே அதை நினைவில் வைத்திருக்கிறது. வரிகளைப் படித்துப் பாருங்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, வீடு இல்லை. எங்கள் வாழ்க்கையை நாங்களே தேர்ந்தெடுப்போம், அதிகாரத்தை எதிர்ப்போம் என்பதோடு சரி. மகனைத் திட்டித் தீர்க்கும் அப்பா வந்தது வீடியோவில். வீடியோவில் பார்த்த அப்பாவை எல்லோரும் வரிகளுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1985ல் அமெரிக்காவில் ‘பெற்றோர் இசை வள மையம்’ என்ற அமைப்பு, ஆட்சேபத்துக்குரிய பதினைந்து பாடல்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. வன்முறை என்ற காரணத்துக்காக இந்தப் பாட்டும் அதில் இருந்தது. இசைத்தட்டு உறைகளில் பெற்றோருக்கான எச்சரிக்கை முத்திரை வந்ததே அந்த இயக்கத்தின் விளைவுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் செனட் குழு முன்னால் பாடகர் டீ ஸ்னைடர் வந்து சாட்சி சொன்னார். இந்தப் பாட்டில் வன்முறைக்கு ஒரு சொல்கூடக் கிடையாது, வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு வரிகளுக்குக் குற்றம் சாட்டுகிறீர்கள், வீடியோவும் கார்ட்டூன் பாணியில் எடுத்ததுதான் என்றார். அவருடைய இன்னொரு பாட்டைப் பாலியல் வன்முறை என்று அந்த அமைப்பு சொல்லியிருந்தது. அது குழுவில் ஒருவருக்கு நடக்கவிருந்த தொண்டை அறுவைச் சிகிச்சையின் பயத்தைப் பற்றியது என்று விளக்கினார். தேடிப் போனவர்களுக்குத் தேடியது கிடைத்தது, அறுவைச் சிகிச்சையைத் தேடியிருந்தால் அதுவும் கிடைத்திருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அவர் இசை அவ்வளவு பிடிக்காது. ஆனால் பாடல்களைப் பொருள்கொள்வது பற்றி ஒரு பாடகர் பொதுச்சபையில் சொன்னவற்றில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியாது.

முன்னிலைப் பாட்டுகளில் ‘நீ’ பெரும்பாலும் வெற்றிடம்தான். லிங்கின் பார்க் என்ற ராக் குழு 2003ல் வெளியிட்ட ‘நம்’ (Numb, மரத்துப்போன நிலை) பாட்டை ஒரு தலைமுறையே பெற்றோரைப் பற்றிய பாட்டாகக் கேட்டது. நீ எதிர்பார்க்கும் ஆளாக இருந்து களைத்துவிட்டேன் என்கிறது பாட்டு. அந்த ‘நீ’ அப்பாவா, அம்மாவா, ஆசிரியரா, காதலியா, முதலாளியா என்று வரிகள் சொல்வதில்லை. தெரிந்தேதான் விடுகிறார்கள். கேட்பவர் தனக்கு வேண்டிய முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம், முகமே வைக்காமலும் கேட்கலாம். பாட்டின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, என்னைப் போலவே நீயும் யாரோ ஒருவரை ஏமாற்றமடையச் செய்தவன்தானே என்ற பொருளில். அங்கே சட்டென்று எதிராளியும் ஒரு காலத்தில் யாருக்கோ பிள்ளையாக இருந்தவர் ஆகிவிடுகிறார். கோபப் பாட்டுகளில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பாட்டை எழுதியவர் வெறும் கோபத்தோடு உட்காரவில்லை என்று அர்த்தம்.

தலைப்பை வைத்து ஏமாறுவதும் நடக்கும். மடோனாவின் ‘பாப்பா டோன்ட் ப்ரீச்’, 1986. அப்பா, உபதேசம் வேண்டாம் என்று தலைப்பு. எகிறும் பாட்டு என்றுதான் தோன்றும். உள்ளே இருப்பதோ, கருவுற்ற இளம்பெண் ஒருத்தி அப்பாவிடம் கெஞ்சுவது. தோழிகள் வேண்டாம் என்கிறார்கள், நான் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன், எனக்கு இப்போது உங்கள் அறிவுரை வேண்டும், கூட நில்லுங்கள் என்கிறாள். அப்பா பதில் சொல்வதே இல்லை. இதை எழுதியவர் பிரையன் எலியட், மடோனா சில வரிகள் சேர்த்தார். பாட்டு வந்ததும் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் பாராட்டினார்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உழைப்பவர்கள் கண்டித்தார்கள். இரு தரப்பும் அதைக் கொள்கைப் பிரகடனமாகப் படித்தன. என் கருத்தில் அது ஒரு மகள் அப்பாவிடம் பேசும் ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அப்பா தன்னைக் கைவிடமாட்டார் என்ற உறுதி. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விவாதித்தார்கள்.

இன்னொரு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாப் டிலன் 1964ல் ‘த டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சிங்’ பாட்டில் தாய்மார்களே, தந்தைமார்களே என்று நேரடியாகக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைகள் இனி உங்கள் கட்டளைக்குள் இல்லை என்கிறார். அங்கே பெற்றோர் ஒரு தலைமுறையின் பெயர். எழுத்தாளர்கள், சட்டமன்றத்தினர் என்ற வரிசையில் அவர்களும் வருகிறார்கள். இந்த மாதிரிப் பாட்டில் வீட்டுச் சண்டையைத் தேடினால் கிடைக்காது, காலத்தின் சண்டைதான் கிடைக்கும். திரைப்பாடல்களில் வேறொரு கவனம் தேவை. அங்கே கவிஞர் எழுதுவது இயக்குநர் சொன்ன சூழலுக்கு, ஒரு பாத்திரத்தின் வாய்க்கு. படத்திலிருந்து பாட்டை மட்டும் பிய்த்துக் கேட்டுவிட்டு, கவிஞர் பெற்றோரை இப்படிச் சொல்லிவிட்டார் என்பது நியாயமில்லை. அடுத்த படத்தில் அதே கவிஞர் அப்பாவின் வாயாக நின்று நம்மை அழவைத்திருப்பார்.

இனி உங்கள் மகன்.

ஒரு பிள்ளை ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்றால், அந்தப் பாட்டு சொல்லும் எல்லாமும் அவன் சொல்வது என்று ஆகாது. பதினைந்து வயதில் உள்ளே ஓடுவதற்கெல்லாம் சொந்தமாகச் சொல் கிடைக்காது. யாரோ எழுதிய சொல்லை இரவல் வாங்கிக்கொள்வார்கள். சில நேரம் ஒரே ஒரு வரிக்காக முழுப் பாட்டையும் வைத்துக்கொள்வார்கள். சில நேரம் வரிகூட இல்லை, அந்த கிதார், அந்தத் தாளம், நண்பர்கள் கேட்கிறார்கள் என்பது மட்டும்தான். அந்தப் பாட்டின் ‘நீ’யில் உங்கள் முகத்தை நீங்களே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அது பள்ளிக்கூடமாக இருக்கலாம், விலகிப்போன நண்பனாக இருக்கலாம், கண்ணாடியில் தெரியும் தன் முகமாகக்கூட இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம், அதையும் மறுக்கவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். ஆனால் ‘இது என்னைப் பற்றியா’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? பாட்டை முதலில் நீங்கள் தனியாக இரண்டு மூன்று தடவை கேளுங்கள். வரிகளைத் தேடி எடுத்துப் படியுங்கள். அப்புறம் அவனிடம், இந்தப் பாட்டில் உனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். எந்த இடத்தைக் காட்டுகிறான் என்பதில் நிறையத் தெரிந்துவிடும். உங்களுக்குப் பிடித்த இடத்தையும் சொல்லுங்கள், உண்மையாகவே பிடித்திருந்தால் மட்டும். பிடிக்காவிட்டால், எனக்கு இது புரியவில்லை, நீ சொல் என்று சொல்வது இன்னும் நல்லது. விளக்கும் இடத்தில் அவனை உட்காரவைத்துவிட்டால் பேச்சு தானாக நகரும். அவன் சொல்லும் விளக்கம் வரிகளோடு பொருந்தாமல் இருக்கலாம். அங்கே திருத்தப் போகாதீர்கள். அந்தப் பொருந்தாத இடத்தில்தான் அவன் இருக்கிறான்.

பாட்டின் வரிகள் வாழ்வதில் அர்த்தமில்லை, என்னை நானே முடித்துக்கொள்கிறேன் என்ற பக்கம் போனால், அப்போதும் பாட்டைத் தடைசெய்வதில் பயனில்லை. ஆனால் அவன் தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மாறியிருந்தால் சுற்றி வளைக்காமல் நேராகவே கேளுங்கள், உனக்கு அப்படித் தோன்றுகிறதா என்று. கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். ஆம் என்று சொன்னால் கூடவே இருங்கள், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அது பாட்டைப் பொருள்கொள்ளும் வேலை இல்லை.

மற்றபடி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பாட்டின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. பெயரையும் அவன் காட்டிய வரியையும் எழுதுங்கள், அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.